வகுப்பெடுக்காத மிஸ்

கண்டியிலிருந்து பேராதனைக்குப் போகும் பாதையில், மேட்டின் மேல் இருந்த பெண்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சுகிர்தம் சேர்ந்து ஏழெட்டு மாதமாகிவிட்டது. அவள் அங்கே என்ன வேலை பார்க்கிறாள் என்பது இன்னும் பலருக்குப் பிடிபடவில்லை. பாடம் எடுப்பதில்லை. அலுவலகத்தில் தட்டச்சு அடிப்பதில்லை. விடுதிப் பொறுப்பும் அவளிடம் இல்லை. அதனால் மாணவிகள் அவளுக்கு 'வகுப்பெடுக்காத மிஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சமையற்கட்டிலும் அதே பெயர்தான்.

கல்லூரியின் வரவு செலவைப் பார்த்துக்கொண்ட சூசைரட்ணம் இதை முகத்துக்கு நேராகவே கேட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க, மிஸ் சுகிர்தம். பிள்ளைங்களக் கூப்பிட்டு ஒக்கார வச்சுப் பேசிக்கிட்டு இருக்கிறது ஒரு உத்தியோகமா? அத விடுதிப் பொறுப்பாளரே செய்யலாமே?"

"செய்யலாம் சார். ஆனா அவங்க மணி அடிக்கணும், சாப்பாடு பார்க்கணும், கதவு பூட்டணும். பிள்ளை ஏன் அழுவுதுன்னு கேக்க நேரம் கெடைக்கிறதில்லையே."

அவர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. எதற்கும் காரணம் கேட்கிற மனிதர். சுகிர்தத்துக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. தனக்கே இன்னும் சரியாகச் சொல்லத் தெரியாத ஒன்றை அவர் கேட்கிறார் என்பதுதான் உறுத்தியது.

கொத்மலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள் அவள். அப்பா தேயிலை ஸ்டோரில் கொதிகலனுக்கு விறகு போட்டார். மிஷன் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்து, பிறகு கொழும்பில் இரண்டு வருடம் சமூக சேவைப் பயிற்சி முடித்தாள். அவளோடு படித்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். ஒருத்தி நன்னடத்தை அலுவலரானாள். ஒருத்தி பெரிய ஆஸ்பத்திரியில், நோயாளிகளின் வீட்டு நிலைமையை விசாரித்து டாக்டர்களுக்குச் சொல்லும் வேலையில் சேர்ந்தாள். இன்னொருவன் அநாதைப் பிள்ளைகளின் இல்லத்துக்குப் போனான். அரசாங்க வேலை என்றால் பிரஜாவுரிமை வேண்டும். நாடு சுதந்திரம் அடைந்த கையோடு வந்த சட்டத்தில் தோட்டத்துச் சனங்கள் வெளியே நின்றார்கள். கொத்மலையில் பிறந்து கொத்மலையில் வளர்ந்த சுகிர்தமும் அந்த வெளியேதான் நின்றாள். சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தை பார்க்கும் வேலையை ஒத்துக்கொள்ள இருந்தபோதுதான் மிஸிஸ் றோலண்ட் அழைத்தார்.

மிஸிஸ் றோலண்ட் கல்லூரி அதிபர். ஹட்டனில் வளர்ந்தவர், விதவை, குரல் உயர்த்தாதவர். வெளிநாட்டுக் கல்லூரிகளில் மாணவர் நலனுக்கென்றே ஓர் அலுவலர் இருப்பதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "இங்க அப்பிடி ஒரு வேலையே இது வரைக்கும் இல்ல. அத என்னான்னு நீதான் செஞ்சு காட்டணும். ஒரு வருஷம் பார்ப்போம்" என்றார். 'நீதான் செஞ்சு காட்டணும்' என்ற அந்த ஒரு வார்த்தைக்காகவே சுகிர்தம் வந்து சேர்ந்தாள்.

சித்திரை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தபோது நாகலெட்சுமி திரும்பவில்லை.

நானுஓயாவுக்கு அப்பால் வெள்ளைக்கல் தோட்டத்திலிருந்து வந்த பெண். கணக்கில் கெட்டிக்காரி. கல்லூரி தோட்டத்துப் பெண்களுக்கென்று வருடத்துக்கு மூன்று இடம் ஒதுக்கியிருந்தது. இதற்கு முன் வந்தவர்களில் இரண்டு பேர் இப்படித்தான் விடுமுறைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். இப்போது இவளும். விடுதியில் பலவிதமாகப் பேசிக்கொண்டார்கள். பேச்சு வழக்கைக் கேலி பண்ணினார்களாம், அதனால் ஓடிவிட்டாளாம். இல்லை, யாரோ ஒரு பையனாம்.

மாதக் கடைசியில் ஆட்சிக் குழு கூடவிருந்தது. சூசைரட்ணம் தன் யோசனையை முன்கூட்டியே அதிபரிடம் சொல்லிவிட்டார்: நிலைக்காத பிள்ளைகளுக்கு இடம் வைத்து வீணாக்க வேண்டாம், அந்த மூன்று இடத்தையும் பொதுவில் விட்டுவிடலாம். வருடம் முடியப்போகிற சுகிர்தத்தின் வேலையைப் பற்றியும் அதே கூட்டத்தில் முடிவெடுக்கலாம்.

"நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன் மேடம்" என்றாள் சுகிர்தம்.

"கடிதம் போட்டோமே?"

"பதில் வரலையே. அதனாலதான் போகணும்ங்கறேன்."

மிஸிஸ் றோலண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கூட்டிக்கிட்டு வர முடியாமப் போனா, கூட்டத்துல ஒனக்கும் அந்தப் பிள்ளைக்கும் சேத்து நான் பேச முடியாது, சுகிர்தம். அத மட்டும் நெனைச்சுக்க."

சனிக்கிழமை காலை ரயிலில் ஏறினாள். நானுஓயாவில் இறங்கியபோது மழை விட்டிருந்தது. மரக்கறி ஏற்றப் போன ஒரு லொறிக்காரர் தோட்டத்துப் பாதை பிரியும் இடம் வரை கொண்டுபோய் விட்டார். அங்கிருந்து நடை.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். இடுப்பில் படங்குச் சாக்கு, தலையில் கூடைக் கயிற்றுத் தழும்பு மறைய மடித்த துணி. அவர்களுக்கு நடுவில் நாகலெட்சுமி நின்றாள். சுகிர்தத்தைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அந்தக் குனிவே தனக்குப் பிடிக்காதது போல நிமிர்ந்தாள்.

"ஏன் மிஸ் வந்தீங்க?"

"நீ வரலையே, அதனால வந்தேன்."

லயத்துக்கு நடந்து போகும்போது எல்லாம் சொன்னாள். கேலியும் இல்லை, பையனும் இல்லை. அப்பா ஆண்டியப்பன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து மலையில் சறுக்கி விழுந்து கால் முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். மலையேற இன்னும் பல மாதம் ஆகும், ஏறாமலே போனாலும் போகலாம். அம்மா செத்து வெகுநாள். தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதிந்த ஆள் ஒருவராவது இருந்தால்தான் லயத்து அறையான காம்பராவில் குடியிருக்கலாம். பெரிய கணக்கப்பிள்ளை பொன்னையா வாசலில் நின்று, ஆள் இல்லாத காம்பராவை வேறு குடும்பத்துக்குக் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நாகலெட்சுமி போய் நின்று பெயர் பதிந்துகொண்டாள்.

"அப்பாவையும் தங்கச்சியையும் ரோட்டுல விட்டுட்டு நான் என்னாத்த மிஸ் படிக்கிறது? எம் படிப்பு போவட்டும். விடுங்க."

சுகிர்தம் கூடவே நடந்தாள். விடுங்க என்று சொல்லும் பெண்ணிடம், விடாதே என்று உடனே சொல்லக் கூடாது என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஆண்டியப்பன் காம்பராவின் வாசலில் சாக்கு விரித்து, கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எழ முயன்றார். சுகிர்தம் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். தேத்தண்ணி வந்தது. அவருக்கு மகளைப் பற்றிப் பேச வெட்கமாக இருந்தது, அதனால் மழையைப் பற்றிப் பேசினார். சுகிர்தமும் மழையைப் பற்றிப் பேசினாள். கடைசியில் கேட்டாள்:

"அண்ணே, ஒங்க சொந்தத்துல இந்தத் தோட்டத்துல வேல செய்ற ஆளு வேற யாருமில்லையா? அவங்க இங்க வந்து ஒங்களோட குடியிருந்தா காம்பரா நிக்கும்ல?"

ஆண்டியப்பன் கால் கட்டைத் தடவிக்கொண்டார். பதில் சின்ன மகளிடமிருந்து வந்தது.

"அத்தை இருக்கு. மேல லயத்துல. ஆனா அத்தை நம்மளோட பேசாது."

"உள்ள போ" என்றார் ஆண்டியப்பன்.

காளியாயி ஆண்டியப்பனின் அக்கா. மேல் லயத்தில் ஒரே காம்பராவில் மகன் கந்தப்பன், மருமகள் அம்மாக்கண்ணு, இரண்டு பேரப்பிள்ளைகளோடு நெருக்கியடித்து இருந்தாள். ஐம்பதைத் தாண்டிய பிறகும் அந்த மலையில் அவள் கூடையை மிஞ்ச ஆளில்லை. நாலு வருடமாகத் தம்பி முகத்தில் விழிப்பதில்லை. கந்தப்பனுக்கு நாகலெட்சுமியைக் கேட்டாள், தம்பி தர மறுத்துவிட்டான். காரணம், மகளைப் படிக்க வைக்க வேண்டுமாம்.

நாகலெட்சுமி இதைச் சொன்னதும் சுகிர்தத்துக்குச் சிக்கல் விளங்கியது. எந்தப் படிப்பால் உறவு முறிந்ததோ, அந்தப் படிப்பைக் காப்பாற்ற அதே பெண்ணிடம்தான் போய் நிற்க வேண்டும்.

போனாள். காளியாயி அப்போதுதான் வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். சுகிர்தம் நாகலெட்சுமியின் திறமையைச் சொன்னாள், அவள் எதிர்காலத்தைச் சொன்னாள், ஆசிரியையாக வந்தால் குடும்பத்துக்கே பெருமை என்று சொன்னாள். கொழும்பில் படித்ததில் பாதியை அங்கே கொட்டினாள்.

காளியாயி பொறுமையாகக் கேட்டு முடித்தாள்.

"நீ டீச்சரா தாயி?"

"இல்லீங்க."

"கிளாக்கரா?"

"இல்லீங்க."

"அப்ப ஒனக்கு இதுல என்னா? எந்திரிச்சுப் போ."

கதவைச் சாத்திவிட்டாள்.

அன்று தோட்டத்து மருந்துக்காரர் வீட்டில் சுகிர்தத்துக்கு இடம் கொடுத்தார்கள். படுத்துக்கொண்டு யோசித்ததில் ஒன்று புரிந்தது. அந்த அம்மாவை அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எல்லாவற்றையும் தானே பேசிவிட்டு வந்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை. வேலை இல்லாத நாள். மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் நடுவில் கல் படிக்கட்டும், பாதி வழியில் தண்ணீர் விழும் ஒரு பீலியும் இருந்தன. காலையில் காளியாயி அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சுகிர்தம் எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்தாள். பிழிவதற்கு ஒரு முனையை நீட்டினாள் காளியாயி, யாரென்று பார்க்காமலே. பார்த்த பிறகும் முனையைத் திரும்ப வாங்கவில்லை. இருவரும் ஒரு சேலையை முறுக்கிப் பிழிந்தார்கள்.

"நேத்து நான் மட்டுமே பேசிட்டேங்க. இன்னைக்கு நீங்க சொல்லுங்க. என்னா நடந்துச்சு?"

காளியாயி அடுத்த துணியைக் கல்லில் ஓங்கி அடித்தாள். பிறகு காளியாயி ஆரம்பித்தாள், ஆரம்பித்ததும் நிற்கவில்லை.

"எங்க அப்பன் ஆத்தா செத்தப்ப அவன் இம்புட்டுப் பய. நான்தான் சோறாக்கிப் போட்டு ஆளாக்குனேன். அவன் பொண்டாட்டி போனப்ப நாகலெட்சுமியும் சின்னதும் என் இடுப்புலயும் தோள்லயும்தான் கெடந்துச்சுக. பொண்ணு தரலன்னா தர வேணாம். படிக்க வச்சா வச்சுக்கட்டும். அதுக்காடி நான் கோவிச்சேன்? எங்கிட்ட நேர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லல. கங்காணிக்கிட்ட சொல்லி விட்டான். பெரட்டுக் களத்துல, அம்புட்டுச் சனத்துக்கு முன்னால, அந்தாளு வந்து சொல்றான்: 'ஒன் தம்பி பொண்ணு தர மாட்டானாம் காளியாயி.' எல்லாரும் சிரிச்சாளுக. நான் கூடையத் தூக்கிக்கிட்டு மலைக்குப் போயிட்டேன். அன்னைக்கு எம்புட்டுக் கொழுந்து எடுத்தேன்னு எனக்கே தெரியாது."

அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. கையிலிருந்த துணியை மட்டும் மறுபடி மறுபடி பிழிந்துகொண்டிருந்தாள், அதில் ஒரு சொட்டும் இல்லாத பிறகும்.

சுகிர்தம் கீழே வந்து, கேட்டதைக் கேட்டபடி ஆண்டியப்பனிடம் சொன்னாள். இப்படிச் செய்யுங்கள் என்று ஒன்றும் சொல்லவில்லை. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேர்ல போய்ச் சொல்லப் பயமா இருந்துச்சு" என்றார் கடைசியில். "அக்கா அழுதா நான் பொண்ணக் குடுத்துருவேன். அது எனக்குத் தெரியும். அதான் ஆள் விட்டேன்."

பிறகு, "அந்தக் கம்ப எடு புள்ள" என்றார் மகளிடம்.

ஒரு கையில் கம்பு, மறு கை படிக்கட்டின் ஓரக் கல்லில். முதல் படியிலேயே முகம் வெளிறியது. சுகிர்தம் பிடிக்கப் போனாள். வேண்டாம் என்று தலையசைத்தார். நாகலெட்சுமி பின்னாலேயே, விழுந்தால் தாங்க இரண்டு கையையும் விரித்தபடி ஏறினாள். லயத்துச் சனம் வாசலுக்கு வந்துவிட்டது. ஒரு படி ஏறினார், நின்றார், மூச்சு வாங்கினார், அடுத்த படி.

பீலியிலிருந்து காளியாயி இதைப் பார்த்தாள். பார்க்காதது போலத் துணியை அலசினாள். பிறகு வாளியை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள். அதன் பிறகு பொறுக்கவில்லை.

"அடே! கால ஒடச்சுக்கிட்டது பத்தாதா? கழுத்தையும் ஒடச்சுக்கணுமா? நில்லுடா அங்கனேயே!"

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக் கல்லில் உட்கார வைத்தாள். ஆண்டியப்பனுக்கு மூச்சு இரைத்தது. பேச்சு வர நேரமானது.

"அக்கா. ஒங்கிட்ட நேர்ல சொல்லணும்னு வந்தேன்."

"என்னாத்த?"

"நாகலெட்சுமிய ஒம் மகனுக்குக் குடுக்க மாட்டேன்க்கா. படிக்க வைக்கப் போறேன்."

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு காளியாயி சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எம் மகன் ரெண்டு புள்ளைக்கு அப்பனாயிட்டான்டா! இப்ப வந்து பொண்ணு தர மாட்டேங்கிறான் பாருங்கடி!" என்று மேல் லயத்தைப் பார்த்துக் கத்தினாள். மேலே அம்மாக்கண்ணு சிரித்தாள், கந்தப்பன் சிரித்தான், கீழே வாசல்களில் நின்றவர்களும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருந்த காளியாயி அப்படியே தம்பியின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு ஓவென்று அழுதாள். நாகலெட்சுமி இரண்டு பேர் காலடியிலும் உட்கார்ந்துவிட்டாள்.

சுகிர்தம் பீலிப் பக்கம் திரும்பி முகம் கழுவிக்கொண்டாள்.

திங்கட்கிழமை பெரட்டு முடிந்த கையோடு அவர்கள் தோட்டத்து ஆபீசுக்குப் போனார்கள். காளியாயி முன்னால், நாகலெட்சுமியும் சுகிர்தமும் பின்னால். கந்தப்பனும் அம்மாக்கண்ணுவும் கூப்பிடாமலே வந்தார்கள்.

பொன்னையா கணக்கப்பிள்ளை வாசலிலேயே மறித்தார்.

"காம்பராவ வேற குடும்பத்துக்குப் பேசி முடிச்சாச்சு. அந்தப் பொண்ணு பேர் பதிஞ்சதாலதான் விட்டு வச்சிருக்கோம். இப்ப அவ போறாளாம், இந்தக் கெழவி வர்றாளாம். இதென்ன சத்திரமா?"

உள்ளேயிருந்து துரை வந்தார். தோட்டத்தை நிர்வகிப்பவர், புத்தகத் தமிழ் பேசும் வெள்ளைக்காரர். சுகிர்தத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ யார்? யூனியன் ஆளா?"

"இல்லைங்க. காலேஜ்லருந்து வர்றேன்."

"காலேஜுக்கு என் தோட்டத்தில் என்ன வேலை?"

"எங்க மாணவி ஒருத்தி இங்க இருக்காங்க. அவங்களக் கூட்டிக்கிட்டுப் போக வந்தேன்."

சொல்லி முடித்தபோது சுகிர்தத்துக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை மாதம் எல்லாரும் கேட்ட கேள்விக்கு அவ்வளவு சுருக்கமாக அவள் ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

துரை நாகலெட்சுமியைப் பார்த்தார். "கொழுந்து வேகமாக வருகிறது. எனக்கு ஆள் வேண்டும். பேர் பதிந்தவள் இப்போது போக முடியாது."

காளியாயி ஓரடி முன்னால் வைத்தாள்.

"தொரைகளே, இந்தப் புள்ள ஒரு நாளைக்கு எடுக்கிற கொழுந்து எங்கூடைக்கு அடியில காணாது. இவளப் புடிச்சு வச்சு ஒங்களுக்கு என்னா லாபம்? நான் எந்தம்பி காம்பராவுக்குப் போறேன். எம் பேருல அது நிக்கட்டும். புதுசா ஒண்ணும் கேக்கல. முடியாதுன்னா, பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி போன மாசமே என்னையக் கூப்பிட்டாரு. நான் போயிருவேன்."

"நாங்களும் போயிருவோம்ங்க" என்றான் கந்தப்பன் பின்னாலிருந்து. அம்மாக்கண்ணு தலையாட்டினாள்.

பொன்னையா ஏதோ சொல்ல வாயெடுத்தார். துரை கையைக் காட்டி நிறுத்தினார். மலை முழுக்கத் தளிர் நிற்கும் நேரத்தில் மூன்று நல்ல கைகளை இழக்க அவர் தயாராக இல்லை. அது எல்லாருக்கும் தெரிந்தது.

"கிழவி இருக்கட்டும்" என்றார் அவர். "பெண் போகட்டும். கணக்கப்பிள்ளை, பேரை மாற்று."

ஆபீசை விட்டு வெளியே வந்து, கொஞ்ச தூரம் எல்லாரும் மரியாதையாகத்தான் நடந்தார்கள். வளைவைத் தாண்டியதும் காளியாயி நாகலெட்சுமியின் இடுப்பிலிருந்த படங்குச் சாக்கை இழுத்து அவிழ்த்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"போ. போயி ஒன் பொட்டியக் கட்டு. ரயிலத் தவற விட்டா தோலுரிச்சுப்புடுவேன்."

ஆட்சிக் குழுக் கூட்டத்தில் நீள மேசையைச் சுற்றிப் பாதிரியார் ஒருவரும், கண்டி வக்கீல் ஒருவரும், இன்னும் சிலரும் இருந்தார்கள். சுகிர்தத்தை அழைத்து, அவளுடைய வேலை என்னவென்று விளக்கச் சொன்னார்கள். அவள் விளக்கவில்லை. வெள்ளைக்கல் தோட்டத்தில் நடந்ததைச் சொன்னாள். ஆண்டியப்பன் படியேறி வந்து பெண் தரமாட்டேன் என்று சொன்ன இடத்தில் பாதிரியார் வாய்விட்டுச் சிரித்துவிட்டுக் கைக்குட்டையைத் தேடினார்.

சூசைரட்ணம் சிரிக்கவில்லை.

"சரி, இந்தப் பிள்ளை வந்துட்டா. சந்தோஷம். ஒவ்வொரு தடவையும் நீங்க மலையேறப் போவீங்களா?"

"போவேன் சார். ஆனா பிள்ளை நின்ன பிறகு போறது பிந்திப் போற வேலை. சேர்ந்த முதல் தவணையிலேயே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தடவ போயிட்டு வந்தா, எந்த வீட்டுல என்னா முட்டுதுன்னு முன்னமே தெரியும். எங்க பிள்ளைங்களுக்குப் படிப்பு வராம இல்ல சார். படிக்க விடாம வீட்டுல ஏதோ ஒண்ணு இழுக்குது. அது என்னான்னு போய்ப் பார்க்க ஒரு ஆள் வேணும். அந்த ஆள்தான் நான்."

"முன்னால போன ரெண்டு பேரு?"

"அவங்களையும் போய்ப் பார்க்க அனுமதி கேக்கிறேன்."

சூசைரட்ணம் பேனாவை மேசையில் வைத்தார். யோசித்தார்.

"அப்ப மூணு இடம் எதுக்கு?" என்றார் சூசைரட்ணம். "இப்பிடி ஒரு ஆள வச்சுக்கிட்டு மூணு பேர மட்டும் எடுக்கிறது நமக்குத்தான் நட்டம். ஆறாக்குவோம். மிஸ் சுகிர்தத்தோட வேலைய நிரந்தரமாக்கணும்னு நானே பிரேரிக்கிறேன்."

வக்கீல் ஆமோதித்தார். அறைக்கு வெளியே வந்ததும் மிஸிஸ் றோலண்ட் சுகிர்தத்தின் கையை இறுகப் பிடித்தார். பிடித்த பிடியை விடவில்லை.

முன்பு நின்றுபோன இருவரில் ஒருத்திக்குக் கல்யாணமாகிக் கைக்குழந்தை இருந்தது. வரவில்லை. சுகிர்தம் எவ்வளவோ முயன்றும் அந்த வீட்டில் முடியாமற் போயிற்று. மற்றவள் அந்தோனியம்மா, பொல்பிட்டிய பக்கத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு தானே திரும்பி வந்தாள்.

அடுத்த வருடம் கொழும்பில் சுகிர்தத்துக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் ஆளனுப்பினார்கள். சமூக சேவை படிக்கும் மாணவர்கள் தோட்டங்களுக்கு வந்து களத்தில் கற்க வேண்டும், கூட்டிப்போய்க் கற்பிக்க அவளால் முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்றாள். கல்லூரி வேலையை விடாமலே, மாதத்தில் ஒரு வாரம் விரிவுரையாளராகவும் ஆனாள். முதல் நாள் பத்துப் பன்னிரண்டு இளைஞர்களும் பெண்களும் குறிப்பெடுக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். அவள் அவர்களை எழுப்பி லயத்துப் பக்கம் அழைத்துப் போய், ஆளுக்கொரு வீட்டில் உட்கார வைத்து, சாயங்காலம் வரை ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டு வரச் சொன்னாள். நன்றாகப் பேசத் தெரிந்தவர்களுக்குத்தான் அது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அவள் அதை நன்றாக அறிந்திருந்தாள். பிரஜாவுரிமை மட்டும் அப்படியே இழுபட்டது. அந்தக் கவலை இருந்தது. ஆனால் தான் யார் என்று தெரியாத கவலை போய்விட்டது.

நாகலெட்சுமி பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிய அன்று கல்லூரி மண்டபத்தில் இடமில்லை. ஆண்டியப்பன் இலேசாகக் காலை இழுத்தபடி, வெள்ளை வேட்டியில், யாரையும் பிடிக்காமல் நடந்து வந்தார். காளியாயி ஒதுக்கிய இடத்துக்குப் போக மறுத்து முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். அது ஆட்சிக் குழுவினரின் வரிசை என்று ஒரு மாணவி வந்து சொன்னபோது, "அவுங்களும் ஒக்காரட்டும், நான் என்னா வேணாம்னா சொன்னேன்?" என்றாள். சூசைரட்ணம் தன் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார்.

வெள்ளைக்கல் தோட்டம், ஆண்டியப்பன் மகள் நாகலெட்சுமி என்று மேடையில் பெயர் வாசித்தபோது, கணக்கில் முதலிடம் என்றும் சேர்த்து வாசித்தார்கள். கைதட்டல் தொடங்குவதற்குள் காளியாயி குலவையிட்டாள். மண்டபத்தில் அப்படி ஒரு சத்தம் அதுவரை கேட்டதில்லை. பாதிரியார் திடுக்கிட்டார். பின்வரிசைகளில் தோட்டங்களிலிருந்து வந்திருந்த தாய்மார் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்ள, கூரை அதிர்ந்தது. மேடையில் நாகலெட்சுமி சான்றிதழை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், வணக்கம் சொல்ல மறந்தாள்.

தேநீர் கொடுக்கும் இடத்தில் காளியாயி பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக மிஸிஸ் றோலண்டிடம் போனாள்.

"இது எம் மகன் கந்தப்பன் பொண்ணுங்க. இதுக்கு ஒரு எடம் எழுதி வச்சுக்கங்க."

"இப்பத்தானே நடக்கவே பழகுது" என்று சிரித்தார் மிஸிஸ் றோலண்ட்.

"நடந்துரும்ங்க. எடம் இல்லைன்னு அப்புறம் சொல்லிரக் கூடாது, அதுக்குத்தான் நேர்ல வந்து சொல்றேன்."

சுகிர்தத்தால் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாசலில் களப்பயிற்சி மாணவர்கள் காத்திருந்தார்கள், ஹட்டனுக்குப் போகும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அவள் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். அவர்கள் பின்னால் ஓடி வந்தார்கள்.